ஆறு தொட்டி ஆரோக்கியம்

எழுபத்திரண்டு மணி நேரம் ஆகியும் ஒரு மீனுக்குக்கூட உடம்புக்கு ஒன்றும் வரவில்லை.

அவள் கண்ணாடித் தொட்டியில் மூக்கு ஒட்டும்படி நின்று பார்த்தாள். உள்ளே கெண்டை மீன்கள் வாலை வீசி வீசித் திரும்பின. ஒன்று அவள் மூக்குக்கு நேரே வந்து நின்று, வாயைத் திறந்து திறந்து மூடியது. செதிலில் புண் இல்லை. துடுப்பில் கிழிசல் இல்லை. கண் பிதுங்கவில்லை. வயிறு கொஞ்சம் உப்பியிருந்தது. அதுவும் தின்றதால் வந்தது.

"திமிரு," என்றாள் அவள், மீனிடம்.

பின்னால் தொட்டிக்கார அக்கா கைவலையோடு நின்றுகொண்டிருந்தாள். ஆறு தொட்டிகளையும் கழுவுவது, மீனுக்குத் தீனி போடுவது எல்லாம் அவள் வேலை. முகத்தில் பாராட்டை எதிர்பார்க்கும் சிரிப்பு.

"மேடம், ஒண்ணுகூட சாகல. காலையில வந்ததும் எண்ணிட்டேன்."

"சாகலைன்னு எனக்கே தெரியுது."

"ஒண்ணுக்குக்கூட இருமல்கூட இல்ல."

"மீனுக்கு எங்கேயாவது இருமல் வருமா?"

"அதான் மேடம், வரலைன்னு சொல்றேன்."

அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டாள். மீன் நோய் ஆய்வகத்தில் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் 'குக்கர்' என்று பெயர். இப்படி மூச்சை இழுத்தால் அடுத்து விசில் என்று எல்லோருக்கும் தெரியும். தொட்டிக்கார அக்கா வலையைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நகர்ந்தாள்.

விஷயம் இதுதான். மருந்துச் செடிகளிலிருந்து எடுத்த எண்ணெய், மீன்களுக்குப் புண் நோய் தருகிற கிருமியைக் கொல்லுமா என்று பார்ப்பது அவள் ஆராய்ச்சி. முதல் பாதி அமர்க்களமாக முடிந்திருந்தது. கிருமியைத் தட்டில் பரப்பி, எண்ணெயில் தோய்த்த காகிதப் பொட்டை நடுவில் வைத்து, மறுநாள் திறந்து பார்ப்பாள். பொட்டைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வளையம் விழுந்திருக்கும். கிராம்பு எண்ணெயை வைத்தாலும் வளையம். ஓம எண்ணெயை வைத்தாலும் வளையம். துளசி, எலுமிச்சைப்புல், தைலமரம் எதுவும் சோடை போகவில்லை. கிருமி எண்ணெயைக் கண்டதும் எழுந்து ஓடியது போல இருந்தது.

துறைத்தலைவர் அந்தத் தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் கண் கலங்கினார். அந்தக் கிருமி அவர் இளைஞராக இருந்தபோது ஒரு குளத்தில் செத்து மிதந்த மீனிலிருந்து அவரே பிரித்தெடுத்தது. பதினேழாம் எண் என்று பெயர். அதைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால், வெளிநாட்டில் பெரிய வேலையில் இருக்கும் மூத்த மகனைப் பற்றிப் பேசுவது போல இருக்கும்.

"என் பதினேழையே அடக்கிட்டியேம்மா!" என்றார். "சரி. இனி மீன்ல காட்டு. அடுத்த வெள்ளிக்கிழமை பண்ணைக்காரங்க எல்லாரையும் வரச்சொல்றேன். ஒரு பக்கம் நோய் வந்த மீன். ஒரு பக்கம் உன் எண்ணெய் தின்னு குணமான மீன். அவங்க பார்த்துட்டுப் போனதும் உன் வேலையை நிரந்தரம் பண்ணிடுறேன்."

ஏழு வருடமாக அவள் அங்கே தற்காலிகம். அடையாள அட்டையில் பெயருக்குக் கீழே சிவப்பில் அப்படித்தான் போட்டிருந்தது. அவளுக்குப் பிறகு வந்த குளிர்சாதனப் பெட்டி நிரந்தரம், சுழல் நாற்காலி நிரந்தரம், வாசல் மணிகூட நிரந்தரம். எல்லாவற்றிலும் சொத்து எண் ஒட்டியிருந்தது. அவள் மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்டு நீட்டிக்கப்படுகிறவள்.

ஆகவே, மீன்களுக்கு நோய் வந்தாக வேண்டும். வந்தால்தான் குணப்படுத்த முடியும். கிருமியைத் தண்ணீரில் கலந்து மூன்று நாள் காத்திருந்ததற்கு, மீன்கள் அவள் மூக்கைப் பார்த்து வாயைத் திறந்து மூடின.

அன்றைக்கே கிருமியை இரட்டிப்பாக்கி ஊற்றினாள்.

மறுநாள் காலையில் மீன்கள் பளபளத்தன. ஏதோ விசேஷத்துக்குக் கிளம்பியவை போல ஒவ்வொரு செதிலும் மின்னியது. ஒன்று துள்ளியதில் தொட்டியின் மூடி தெறித்து விழுந்தது.

அவள் பாடத்தில் படித்ததை நினைத்துப் பார்த்தாள். ஆய்வகத்தில் சொகுசாகச் சாப்பிட்டு வளர்கிற கிருமி வருடக்கணக்கில் சாதுவாகிப் போவதுண்டு. அப்படியானாலும், எல்லாம் சாக வேண்டாம், ஒன்றிரண்டு மீனாவது முகம் வாடியிருக்க வேண்டுமே? இந்த மீன்களுக்கோ போன வாரத்தைவிட இந்த வாரம் உடம்பு தேறியிருக்கிறது. எடை போட்டுப் பார்த்தாள். எல்லாம் ஒரு சுற்றுப் பெருத்திருந்தன. இது தானாக நடப்பதில்லை. யாரோ செய்கிறார்கள்.

தொட்டிக்கார அக்காவைக் கூப்பிட்டாள்.

"தண்ணியில என்ன போட்டீங்க?"

"நீங்க கொடுத்த தீனிதான் மேடம்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. போடும்போது ரெண்டு வார்த்தை பேசுவேன்."

"என்ன பேசுவீங்க?"

"சாப்டியா, நல்லா இருக்கியான்னு கேப்பேன்."

"நல்லா இருக்கக் கூடாதுக்கா! அதுக்குத்தானே நான் ராத்திரி பகலா நிக்கிறேன்! பாவம் பார்த்து மருந்து எதுவும் கலக்குறீங்களா? உப்பு? மஞ்சள்? உண்மையைச் சொல்லுங்க."

தொட்டிக்கார அக்காவின் முகம் மாறியது. "மேடம், நான் இந்தத் தொட்டிங்களைப் பத்து வருஷமா பார்க்கிறேன். மீன் செத்தா திட்டு வாங்கியிருக்கேன். உசுரோட இருக்குன்னு திட்டு வாங்குறது இன்னைக்குத்தான்."

"சாவியைக் கொடுங்க."

"மேடம்?"

"தொட்டி அறைச் சாவி. இனிமே நானே தீனி போட்டுக்கிறேன். நானே கழுவிக்கிறேன். உள்ளே யாரும் வரக் கூடாது."

அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை. நேரே துறைத்தலைவர் அறைக்குப் போனாள்.

சனிக்கிழமை காலையில் அவள் ரப்பர் காலணியோடு மூன்றாம் தொட்டியின் அடிக்கசடைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. துறைத்தலைவர். அவருக்குப் பின்னால் தொட்டிக்கார அக்கா, கைகளைக் கட்டிக்கொண்டு.

"என்னம்மா, பாவம் அவங்களை ஏன் வெளியே தள்ளினே? எனக்கு வர்ற கோபத்துக்கு..." என்று ஆரம்பித்தவர் தொட்டியைப் பார்த்து நின்றுவிட்டார். ஒவ்வொரு தொட்டியாக நடந்தார். குனிந்தார். நிமிர்ந்தார்.

"அதுக்குள்ள குணமாயிடுச்சா!"

"சார், இன்னும் வரவே இல்ல..."

"வந்துட்டுப் போயிடுச்சும்மா! எண்ணெய் அவ்வளவு வேகம். உனக்கே தெரியாம வேலை செஞ்சிருக்கு!"

"நான் இன்னும் எண்ணெயே..."

அவர் ஏற்கெனவே பண்ணைக்காரர் சங்கத் தலைவரைக் கைபேசியில் அழைத்திருந்தார். "தலைவரே! வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? செவ்வாய்க்கிழமையே வாங்க. ஆமாம், எல்லாரும்தான். டிவிக்காரங்களையும் கூட்டிட்டு வாங்க. மீனுங்க கண்ணாடி மாதிரி மின்னுது!"

பேசி முடித்து அவள் பக்கம் திரும்பினார். "எண்ணெய் கொடுக்காத தொட்டி மூணு இருக்குல்ல? அதுல நோயாளிங்க இருப்பாங்கல்ல? பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினாதான் எடுபடும்."

இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். மனதில் சிவப்பு எழுத்து வந்து நின்றது.

"இருப்பாங்க சார்," என்றது வாய்.

"கெட்டிக்காரி," என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தொட்டிக்கார அக்கா மட்டும் போகவில்லை. ஆறு தொட்டிகளையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"எந்தத் தொட்டியில மேடம் நோயாளி?"

"வெளியே போங்கக்கா!"

கிருமி வங்கி மாடியில் இருந்தது. வங்கி என்றால் பெரிய கட்டடம் இல்லை. ஒரு குளிரறை, உள்ளே நான்கு ஃப்ரீசர், அவற்றுக்குக் காவலாக ஒரு மனிதர். வருடம் முழுக்கக் கம்பளிச் சட்டையும் காதை மூடும் தொப்பியுமாக இருப்பார். அவருக்கு 'ஐஸ்பெட்டி' என்று பெயர். யாரிடமும் சத்தமாகப் பேசாதவர். கிருமிக் குப்பியைக் கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுப்பார்.

"அண்ணே, பதினேழு வேணும். புதுசா. வீரியமா. நீங்க கொடுத்தது தூங்குது."

ஐஸ்பெட்டி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவி மறுபடி போட்டுக்கொண்டார். "தூங்குதா? மீன் எப்படி இருக்கு?"

"மல்லனுங்க மாதிரி இருக்கு."

"மீன் நல்லா இருந்தா நல்லதுதானே மேடம்."

இந்த வாக்கியத்தை நான்கு நாளில் அவளிடம் சொல்கிற மூன்றாவது ஆள் அவர். முதலில் தொட்டிக்கார அக்கா. அப்புறம் வீட்டில், தட்டில் சாப்பாட்டைப் பரிமாறிக்கொண்டே கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மனிதர். வருகிறவர்களுக்குப் பார்வை தெளிவானால் சந்தோஷப்பட்டே பழகியவர். அவருக்கு இது புரியாது. ஐஸ்பெட்டிக்குமா புரியாது?

"நல்லது இல்லண்ணே! செவ்வாய்க்கிழமை டிவிக்காரன் வரான். ஒரு மீனாவது ஒருக்களிச்சுப் படுக்கணும். இல்லைன்னா நான்தான் படுக்கணும். ஏழு வருஷம்ணே! ஏழு வருஷமா நான் இந்த நாத்தத்துல நிக்கிறேன். இந்த எண்ணெய் வாசனையில எனக்குச் சாப்பாடு ருசி மறந்துபோச்சு. என் புருஷன் சளி பிடிச்சா மருந்து வாங்குறதில்ல, என் பக்கத்துல வந்து உக்காந்துக்கிறார். உங்களுக்கு எல்லாம் விளையாட்டா இருக்கா?"

குளிரறையில் ஐஸ்பெட்டிக்கு நெற்றி வேர்த்தது.

"கோச்சுக்காதீங்க மேடம்," என்று உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு குப்பியோடு வந்தார். நிறையவே இருந்தது. கலங்கலாக, கெட்டியாக, பார்க்கவே பயமாக.

"இது கொஞ்சம் வீரியமா இருக்கும்," என்றார் தரையைப் பார்த்து.

தண்ணீரில் கலந்தால் இவற்றுக்கு உறைக்காது. ஊசியால் நேரே உடம்பில் ஏற்றுவது என்று அவள் முடிவு செய்தாள். அதற்கு ஒருவர் மீனைப் பிடிக்க வேண்டும், ஒருவர் குத்த வேண்டும். தொட்டிக்கார அக்காவிடம் போய்க் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கணவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவர் கையுறையைப் போட்டுக்கொண்டு தொட்டிக்குள் பார்த்தார். "அழகா இருக்கே! இதுக்கா நோய் வரவைக்கப் போறே?"

"பிடிங்க."

"மயக்க மருந்து எதுவும் கொடுக்க வேண்டாமா?"

"கிராம்பு எண்ணெய் விட்டா மயங்கும். ஆனா அதே எண்ணெய்தான் கிருமியைக் கொல்லுற மருந்து. நோய் கொடுக்கும்போதே மருந்தையும் கொடுக்கவா? யோசிச்சுப் பேசுங்க. அசையாம பிடிங்க, போதும்."

அவர் பிடித்தார். மீன் வழுக்கியது. மறுபடி பிடித்தார். அது வாலால் அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டது. கண்ணாடி கழன்று தொட்டிக்குள் விழுந்தது.

"ஏம்மா, எனக்குக் கண்ணு தெரியல!"

"உங்க கண்ணு எதுக்கு இப்போ? பிடிங்கன்னா! ரெண்டு கையாலயும்! கழுத்துக்குக் கீழே!"

"மீனுக்குக் கழுத்து எங்கேம்மா இருக்கு?"

"ஐயோ, கடவுளே!" என்று அவள் ஊசியை ஓங்கிய அதே நொடியில் மீன் எகிறியது. ஊசி இறங்கியது. மீனில் இல்லை. அவளுடைய இடது ஆள்காட்டி விரலில். கோபத்தில் கட்டைவிரல் அழுத்திய வேகத்தில் உள்ளே இருந்தது மொத்தமும் ஏறியது.

இரண்டு பேரும் விரலைப் பார்த்தார்கள். மீன் தரையில் துள்ளியது. கணவர் அதைத் தடவித் தடவி எடுத்துத் தொட்டியில் விட்டார். அது போய்த் தீனியைத் தின்றது.

"ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றார் அவர்.

துறைத்தலைவரின் பழைய கட்டுரை அவளுக்கு மனப்பாடம். பதினேழாம் எண், மனிதர்களின் காயத்தில் புகுந்தால் சதையைக் கரைக்கும். ஒரு மீனவரின் கால் அப்படித்தான் போனது என்று அதில் இருந்தது. படமும் இருந்தது.

"கட்டுங்க! மேலே ஏறாம கட்டுங்க!"

அவர் காற்றுக் குழாயின் ரப்பர் துண்டை எடுத்து விரலடியில் இறுக்கிக் கட்டினார். கண் தெரியாததால் முடிச்சு எத்தனை போட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. விரல் நீலமானது.

அவள் எண்ணெய் அலமாரிக்கு ஓடினாள். ஏழு வருட உழைப்பு அங்கே வரிசையாக நின்றது. எதை வைத்தாலும் வளையம் விழுந்ததே! ஓம எண்ணெயைத் திறந்து கலக்காமல் அப்படியே விரலில் ஊற்றினாள். அதன்மேல் கிராம்பு எண்ணெய். எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று மறுபடி ஊற்றினாள். வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே வந்தாள். வாடகை வண்டிக்காரர் கண்ணைத் துடைத்தபடி எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டார்.

மருத்துவமனையில் முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தரித்தார்கள். உள்ளே இருந்த விரலைப் பார்த்து இளம் மருத்துவர் ஓரடி பின்னால் போனார். நீலமும் சிவப்புமாக வீங்கி, தோல் கொப்புளித்து, நுனி உரிந்து, விரல் விரலாகவே இல்லை.

"எப்போ குத்திச்சு?"

"இப்பதான். ஒன்றரை மணி நேரம் இருக்கும்."

"ஒன்றரை மணி நேரத்துலயா? இவ்வளவு வேகமா பரவுற தொற்றை நான் பார்த்ததே இல்ல."

அவளுக்கு வலியைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. "ஆறு தொட்டி மீனுக்கு வராதது எனக்கு மட்டும் வருதா! தின்னுட்டுத் திரியுதுங்க! என்னைப் பார்த்தா இளக்காரமா இருக்கா அந்தக் கிருமிக்கு? அத்தனை எண்ணெயும் ஊத்திட்டேன் டாக்டர், ஒண்ணும் கேக்கல! நாளன்னைக்கு எதைக் காட்டுவேன் நான்?"

"எண்ணெயா? என்ன எண்ணெய்?" என்று கேட்கத் தொடங்கிய மருத்துவரை, கதவைத் தள்ளிக்கொண்டு வந்த துறைத்தலைவர் மறைத்தார். கணவர் தொலைபேசியில் சொன்னதும் வீட்டுச் செருப்போடு கிளம்பி வந்திருந்தார். பின்னால் தொட்டிக்கார அக்கா. சாவி இல்லாவிட்டாலும் செய்தி அவளுக்கு எப்படியோ வந்துவிடும்.

"டாக்டர், இது சாதாரணக் கிருமின்னு நினைச்சுடாதீங்க," என்றார் துறைத்தலைவர் மூச்சிரைக்க. "பதினேழாம் எண்! நானே பிரிச்சது! மூணு நாள்ல ஒரு குளத்தையே காலி பண்ணின கிருமி! வழக்கமான மருந்து எதுக்கும் அடங்காது!"

மருத்துவரின் முகம் வெளுத்தது. வெளியே போய் யாருக்கோ பேசினார். திரும்பி வந்து கணவரைத் தனியே அழைக்காமல் அங்கேயே சொன்னார்: "காத்திருக்க முடியாது. கைக்குப் பரவுறதுக்கு முன்னாடி விரலை எடுத்துடறது நல்லது. முதல் ரெண்டு கணு. அறையைத் தயார் பண்ணச் சொல்லிட்டேன்."

கணவர் நாற்காலியைத் தேடி, இல்லாத இடத்தில் உட்கார்ந்தார். தொட்டிக்கார அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அறையிலிருந்து ஓடினாள். துறைத்தலைவர் மட்டும் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் தட்டுகளைப் பார்த்த அன்றைக்கு வந்த அதே ஈரம்.

"என்ன வீரியம் பார்த்தியா," என்றார் தாழ்ந்த குரலில். "இத்தனை வருஷத்துக்கு அப்புறமும்."

ஏழு வருடமாக இழுத்த மூச்செல்லாம் அவளுக்கு ஒன்றாக வெளியே வந்தது.

"சந்தோஷமா சார்? உங்க கிருமியை எல்லாரும் மெச்சணும். உங்க ஆய்வகத்தை எல்லாரும் மெச்சணும். ஃப்ரீசருக்கு நம்பர் போட்டீங்க, நாற்காலிக்கு நம்பர் போட்டீங்க. எனக்கு மட்டும் ஆறு மாசம், ஆறு மாசம், ஆறு மாசம்! விரல் போனா திரும்ப வராது சார்! அது நிரந்தரம்! நான்தான் தற்காலிகம்!"

தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த நோயாளிகள் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒரு தாதி கதவைச் சாத்தினாள். கேட்க வசதியாக உள்ளே இருந்து சாத்தினாள்.

துறைத்தலைவருக்கு முதல்முறையாகத் தலை குனிந்தது. பிறகு அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்புதாம்மா. என் தப்புதான். நாளைக்குக் காலையில முதல் வேலையா உத்தரவு போடறேன். செவ்வாய்க்கிழமை கூட்டத்துல நானே சொல்றேன். மீனைக் காட்ட வேண்டாம். எண்ணெயைக் காட்ட வேண்டாம். பதினேழோட வீரியத்தைத் தன் விரலைக் கொடுத்து நிரூபிச்ச ஆய்வாளர் இவங்கன்னு உன்னை நிக்க வெச்சுக் காட்டறேன். இனிமே நீ நிரந்தரம்."

அவள் அழுதுவிட்டாள். கோபத்திலா, வலியிலா, வேலை கிடைத்ததிலா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. தாதி காகிதத்தை நீட்டினாள். கணவர் கண்ணாடி இல்லாமல் கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடி, மேசையில் பாதி, காகிதத்தில் பாதியாகப் போட்டார். மருத்துவர் விரலில் மை வைத்து வெட்ட வேண்டிய இடத்தைக் குறித்தார்.

"பரவாயில்ல டாக்டர்," என்றாள் அவள் மூக்கை உறிஞ்சி. "இடது கைதானே. எடுத்துடுங்க. நிரந்தரமாயிடுச்சுல்ல, போகட்டும்."

கட்டிலைத் தள்ளத் தொடங்கினார்கள். கதவு வரைக்கும்தான் போனது. எதிரே தொட்டிக்கார அக்கா யாரையோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கம்பளிச் சட்டை. காதை மூடும் தொப்பி. வெளி வெயிலில் ஓடி வந்ததில் முகமெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கட்டிலின் கால்மாட்டை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார். துறைத்தலைவரைப் பார்த்தார். மை வைத்த விரலைப் பார்த்தார். பிறகு, அந்த ஆய்வகத்தில் யாருமே அவரிடம் கேட்டிராத குரலில் ஐஸ்பெட்டி கத்தினார்:

"வெட்டாதீங்க டாக்டர்! போன மழையில ஃப்ரீசர் நின்னு சாரோட பதினேழு மொத்தமும் செத்துப்போச்சு, சார்கிட்ட சொல்ல பயந்துக்கிட்டு அன்னையிலேர்ந்து எல்லாருக்கும் நான் குப்பியில ஊத்திக் கொடுக்கிறது எங்க வீட்டுத் தயிர்!"